நாகலூர் பஸ் ஸ்டாப்பில் என்னைக் கடந்துபோன கார்

போன ஐப்பசி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில, நாகலூர் பஸ் ஸ்டாப்பில நின்னு நான் கர்த்தரோட சண்டை போட்டேன். அதை ஜெபம்னு சொல்ல அப்போ எனக்கு வாய் வரல. ஆனா அவர் அதையும் ஜெபமாத்தான் கேட்டாரு. அதைச் சொல்லத்தான் இந்தக் கூட்டத்துல எழுந்து நிக்கறேன்.

என் பேரு சாமுவேல். சேலத்துல ஒரு ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் டெக்னீஷியன். கிட்னி கெட்டுப்போனவங்களுக்கு மெஷின் வெச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்ற வேலை. ஊடு ஏற்காட்டு மலைமேல நாகலூர்ல. தினமும் மலை இறங்கி, மலை ஏறணும். பல வருஷமா பைக்குலதான் போய்ட்டு வந்தேன். ஆடி மாசம் ஒரு நாள், மழை விட்ட ஈரத்துல, கொண்டை ஊசி வளைவுல வண்டி வழுக்கிடுச்சு. வலது மணிக்கட்டு எலும்புல விரிசல். நோயாளிக்கு ஊசி ஏத்தற கை அது.

கட்டுப் பிரிச்ச அன்னிக்கே ஊட்ல பேச்சு ஆரம்பிச்சது. என் மனைவி எஸ்தர் சொன்னா: "ஏனுங்க, இனி பைக்கு வேண்டாமுங்க. பழசா இருந்தாலும் ஒரு கார் பாருங்க. நீங்க போய்ச் சேர்ந்துட்டேன்னு போன் பண்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்கறதில்ல."

எனக்கு மனசு வரல. பைக்குன்னா பெட்ரோல் கம்மி. சனி ஞாயிறுல டூரிஸ்ட் வண்டிங்க ரோட்டை அடைச்சு நின்னாலும் ஓரமா நுழைஞ்சு போயிடலாம். கார்னா செலவு, வளைவுக்கு வளைவு காத்திருப்பு. ஆனா பனியும் மழையும் உள்ள வராது. உடம்பு தப்பிக்கும். பைக்கா, காரா? ரெண்டு பேரும் முழங்கால்ல நின்னு கேட்டோம். நீரே வழி காட்டும் ஆண்டவரேன்னு கேட்டோம்.

அப்பத்தான் தேவராஜ் வந்தான். பேரை மாத்திச் சொல்றேன், மன்னிச்சுக்குங்க. எங்க ஊர் ஜெபக்குழுவை நடத்தறவன். என் கல்யாணத்துல எனக்கு மாப்பிள்ளைத் தோழன். கை கட்டோட நான் கிடந்தப்ப, தினமும் வந்து தலைமேல கை வெச்சு ஜெபிச்சவன். அவனுக்கும் சேலத்துலதான் வேலை. புதுசா கார் வாங்கியிருந்தான்.

"ஒரே ரோட்டுல போறதுக்கு எதுக்குடா ரெண்டு வண்டி? நான் தினமும் உன்னை ஏத்திக்கறேன். பெட்ரோலைப் பாதிப்பாதி போட்டுக்கலாம். பைக்க வித்துரு"ன்னான்.

எஸ்தர் அழுதுட்டா. சந்தோஷ அழுகை. பைக்க வித்தேன். இனி பைக்குல ஏறமாட்டேன்னு அவளுக்கு வாக்கும் கொடுத்தேன். அடுத்த ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து, எங்க ஜெபத்துக்குப் பதில் கிடைச்சுதுன்னு தேவராஜைக் காட்டிச் சாட்சியே சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. அவனும் தட்டுனான்.

கொஞ்ச நாள் நல்லாத்தான் போச்சு. பாட்டுப் பாடிக்கிட்டே மலை இறங்குவோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் பஸ் வந்து நின்னுது. "வர்லீங்களா?"ன்னு கண்டக்டர் கேட்டாரு. கார் வருதுங்கன்னு கை காட்டி அனுப்பிட்டேன். காரும் வந்துச்சு. பனிக்குள்ள அந்த லைட்டைப் பார்த்ததும் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு ரோட்டோரம் வந்தேன். வேகம் குறையவே இல்ல. முன்சீட்டுல எங்க ஊர்க் காப்பி எஸ்டேட் மேனேஜர். பின்னால அவரோட சம்சாரமும் ரெண்டு பொண்ணுங்களும். தேவராஜ் என்னைப் பார்த்தான். நல்லாப் பார்த்தான். பார்த்துட்டு முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கிட்டான்.

போன் போட்டேன். கட் பண்ணான். மறுபடி போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரியில இருந்து நர்ஸ் கூப்பிட்டாங்க. "அண்ணா, ஆத்தூர் அம்மா வந்துட்டாங்க. மூச்சு நொம்ப வாங்குது. டாக்டர் மெஷின் போடச் சொல்லிட்டாரு. எங்க இருக்கீங்க?" ஆத்தூர்ல இருந்து எங்ககிட்ட டயாலிசிஸுக்கு வர்ற நோயாளி அவங்க. கூட வேலை பாக்கற இன்னொரு டெக்னீஷியன் ஊர்லயே இல்ல. நான் போனாத்தான் மெஷின் ஓடும். அடுத்த பஸ்ஸுக்கோ நொம்ப நேரம்.

சத்தமாவே கர்த்தர்கிட்ட கேட்டேன்: "நீர்தானே இவனைக் காட்டினீர்? உம்மை நம்பித்தானே இருந்த வண்டியையும் வித்தேன்? இப்ப அந்தம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" ஸ்தோத்திரம் இல்ல, ஆமென் இல்ல. அழுகைதான் வந்துச்சு.

கண்ணைத் துடைக்கறப்ப ஒரு பைக் வந்து பக்கத்துல நின்னுது. மளிகைக்கடை அன்வர் பாய். கடையில பார்த்தாச் சிரிச்சுக்குவோம், அவ்வளவுதான் பழக்கம்.

"என்னங்க, மொகம் இப்படி இருக்கு?"

சொன்னேன். "சரக்கெடுக்க நானும் சேலந்தான் போறேன். ஏறுங்க"ன்னாரு.

நான் தயங்குனேன். எஸ்தருக்குக் கொடுத்த வாக்கு. அவளுக்கே போன் பண்ணேன். எல்லாத்தையும் கேட்டா. அப்புறம் "போங்க. நான் ஜெபத்துல உக்கார்றேன்"னா. பாய் தன் சம்சாரத்துக்கு வெச்சிருந்த ஹெல்மெட்டை எடுத்து நீட்டுனாரு.

ஏற்காடு தாண்டி மலை இறங்க ஆரம்பிச்சோம். பாதி தூரத்துல வண்டிங்க வரிசையா நிக்குது. ஒரு லாரி வளைவுல ஏற முடியாம குறுக்கே நின்னுடுச்சு. பஸ், கார், வேன் எதுவும் நகரல. ஓரத்துல பைக் போற அளவுக்குத்தான் இடம். பாய் காலை ஊனி ஊனி மெதுவாப் போனாரு. அந்த வரிசையில தேவராஜோட காரும் நின்னுது. கண்ணாடியை இறக்கி "சாமு"ன்னான். கடந்து போயிட்டோம்.

கீழ எறங்குனப்புறம் பாய்கிட்ட கேட்டேன், "தினமும் பைக்குலதான் சரக்கு எடுக்கப் போவீங்களா?"

"இல்லீங்க, வேன்லதான். இன்னிக்குன்னு பார்த்து ஸ்டார்ட் ஆகல. திட்டிக்கிட்டேதான் பைக்க எடுத்தேன்"னாரு.

எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. வேன் கிளம்பியிருந்தா அவரும் அந்த வரிசையில நின்னிருப்பாரு. தேவராஜ் என்னை ஏத்தியிருந்தாலும் நானும் அங்கேதான் நின்னிருப்பேன்.

ஆத்தூர் அம்மாவுக்கு மெஷின் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமா மூச்சு சீராச்சு. மத்தியானம் கண்ணைத் திறந்து, "சாப்டியா சாமி?"ன்னு என்னைக் கேட்டாங்க. வெளிய போய் அழுதேன்.

இதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அந்த ஞாயித்துக்கிழமை சபையில ஒருத்தர், "ஏனுங்க, கார்ல வர்றது உடம்புக்கு ஒத்துக்கலைன்னு நீங்களே நின்னுட்டீங்களாமே?"ன்னாரு. தேவராஜ் அப்படித்தான் சொல்லி வெச்சிருந்தான். அதுவும் செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடியே. மேனேஜர் ஊட்டுப் பொண்ணுங்களை தினமும் காலேஜுக்குக் கூட்டிப் போறதா அப்பவே ஒத்துக்கிட்டிருந்தான். நான் மட்டும் தெரியாம ரோட்டுல நின்னிருக்கேன்.

நேராப் போய்க் கேட்டேன். "பெரிய இடம்டா. பொண்ணுங்க வர்ற வண்டியில வேற ஆள் வேண்டாம்னாங்க. எப்படி மறுக்கறது? நீ புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்"னான். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வரல. அவன் ஏத்தாம போனதைவிட, என்னைப் பத்தி சொன்ன அந்தப் பொய்தான் இன்னும் வலிக்குது.

தை மாசம் ஒரு பழைய கார் வாங்கினோம். எஸ்தர் சொன்னதுதான் எங்களுக்குச் சரி. ரோடு அடைச்சுக்கும்னு பயந்து முன்னாடியே கிளம்பிடறேன். கார் வாங்கற வரைக்கும் பஸ்ஸுல போனேன், பஸ்ஸைத் தவறவிட்ட நாள்ல அன்வர் பாய் வேன்ல போனேன். இப்ப எங்க ஊட்டு ஜெபத்துல அவர் குடும்பத்துக்கும் ஒரு ஜெபம் உண்டு.

தேவராஜ் இன்னும் ஜெபக்குழுவை நடத்தறான். அவன் ஜெபிச்சு முடிக்கறப்ப எல்லாரும் ஆமென் சொல்றாங்க. எனக்கு இன்னும் வாய் திறக்கல. அதை மறைக்காம கர்த்தர்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒரு நாள் திறப்பார்னு நம்பறேன்.

இங்க உக்காந்திருக்கற யாரையாவது, நம்புன மனுஷன் ரோட்டுல விட்டுட்டுப் போயிருக்கலாம். கோபம் ஆறட்டும், அப்புறம் ஜெபிக்கலாம்னு இருக்காதீங்க. அந்தக் கோபத்தோடயே அவர்கிட்ட போங்க. நான் அப்படித்தான் போனேன். அவர் என்னைப் பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கல.