மீனவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்த ஆளுநர்

போன வருடம் பேர்ன் பல்கலைக்கழகத்தில் மாமாவின் மகனும் நானும் ஒரே வரலாற்று வகுப்பு. அவன் சுவிஸ் இராணுவத்தில் லெப்டினன்ட். என்னை உடற்பரிசோதனையிலேயே தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீருடையில் அவன் நிற்கும் படம் எங்கள் வீட்டிலும் தொங்குகிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரியும்.

பேராசிரியர் ஒரு பயிற்சி தந்தார். அதில் நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு தீவுக் காலனியின் ஆளுநர். துறைமுகங்கள் மூன்று, கையில் பணம் கொஞ்சம். கரையை எப்படிக் காப்பது? நல்ல திட்டம் தருபவருக்கு அவரிடமே உதவியாளர் வேலை. அது எனக்கு வேண்டும். அவனுக்கு மட்டும் கிடைக்கக் கூடாது.

அவன் பெரிய துறைமுகத்தில் கோட்டை கட்டி, மற்ற இரண்டையும் கைவிட்டான். நான் கோட்டையே கட்டவில்லை. கூலிப் படைக்குப் பதிலாகத் தீவின் மீனவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்தேன். சம்பளம் மிச்சம், கடலும் அவர்களுக்குத் தெரியும்.

"அந்தத் துப்பாக்கி முதலில் யாரைச் சுடும்?" என்று அவன் எல்லோருக்கும் கேட்க ஜெர்மனில் கேட்டான். பிறகு என் பக்கம் குனிந்து, "டேய், நீ ஆளுநரடா. சனத்தின்ர ஆளில்லை" என்றான்.

அவனுடைய ஜெர்மன் கேள்விக்குப் பேராசிரியர் சிரித்துவிட்டார். எங்கள் இருவரின் பெற்றோரும் போருக்குத் தப்பி ஒரே ஊரிலிருந்து ஓடிவந்தவர்கள். திட்டம் போடும்போது எனக்கு ஆளுநரின் நாற்காலி நினைவிலேயே இல்லை. அவன் பிறந்ததிலிருந்தே அதில் இருப்பவன் போல் இருந்தான்.

வேலை அவனுக்குத்தான்.

ட்ராமில் பக்கத்தில் வந்து நின்றான். "கோவமோடா?"

"ஓம்."

"அம்மா புட்டு அவிச்சிருக்கிறா, வா."

"நீயே தின்" என்று சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.