கொலுவில் ஒரு பவளப்பாறை

கடல் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு தசராவின்போது, அதுவும் காய்கறிப் பையில்.

மைசூர் விஜயநகரில் வீடுகளைவிடக் காலி மனைகள் அதிகமாயிருந்த காலம். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு சித்தி அங்கே வந்த முதல் வருஷம். அதற்கு முன்னால் மண்டபம் என்கிற கடலோர ஊரில், கடலுக்குள் மூழ்கிப் பவளப்பாறைகளைப் பார்த்துக் குறித்துவருவது அவள் வேலை; கல்யாணத்தோடு அது நின்றுபோனது. பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளிக்குப் போய், குழந்தைகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்லித் தரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். கடலையே பார்க்காத பொடிசுகளுக்கு என்ன புரியும் என்று அனுப்பிவிட்டார்கள்.

கொலுப் படிக்குக் கீழே கடுகு முளைக்கவிட்டு நாங்கள் பார்க் வைக்கிற மூலையை, அந்த முறை சித்தி கேட்டு வாங்கிக்கொண்டாள். காலிஃப்ளவர் பீட்ரூட் சாற்றில் முங்கி மூளைப் பவளமாயிற்று. கிளைவிட்ட இஞ்சி மான்கொம்புப் பவளம். பீர்க்கங்காய் நார் கடற்பஞ்சு. கடல்சாமந்திக்கு நிஜச் சாமந்தி, அதன் இதழ்களுக்குள் ஒளிந்துகொண்டு மைதா மாவில் செய்த கோமாளி மீன், ஆரஞ்சும் வெள்ளையுமாக. அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டதெல்லாம் நீந்தத் தொடங்கியது.

"மீனைப் போய்க் கொலுவுல வைப்பாளோ?" என்றாள் அம்மா.

"மேல் படியில மச்சாவதாரம் நிக்கறதே மன்னி. அதை இறக்குங்கோ, இதையும் எடுத்துடறேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாம் நாள் காலிஃப்ளவர் நாறத் தொடங்கியபோது, கடலும் கிட்டத்தட்ட இப்படித்தான் மணக்கும் என்று சித்தி கூசாமல் சொன்னாள்.

சாயங்காலங்களில் தெருப் பிள்ளைகளைத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரவைப்பாள். எல்லோரும் விரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும். அது பகல், பவளம் தன் வீட்டுக்குள் சுருண்டிருக்கும் நேரம். விளக்கை அணைப்பாள். இருட்டில் கைகள் மெல்ல விரியும், அலையில் ஆடுவதுபோல அசையும். அலை கொண்டுவரும் இரையாக எங்கிருந்தோ உள்ளங்கையில் சுண்டல் விழும். அந்த இருட்டில் நான் பெண்ணில்லை, நாங்கள் பத்துப் பேரில்லை, மூச்சு விடுகிற ஒரே பாறை.

விளக்கு வந்ததும் எதிர்வீட்டுப் பையனிடம் தினமும் கேட்பாள், பவளம் என்றால் என்னவென்று. அவன் வாய் நிறையச் சுண்டலோடு கன்னடத்தில் சொல்வான்: "கல்லு ஆன்ட்டி. பரீ கல்லு." வெறும் கல். மற்றதுகளும் தலையாட்டும். சித்தி சிரிப்பாள், ஆனால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகும்போது நடை தளர்ந்திருக்கும்.

"விடேன். சுண்டலுக்கு வரதுகள். நர்சரிக்காரி சொன்னது சரிதான்," என்றாள் அம்மா.

"இருக்கும் மன்னி," என்றாள் சித்தி. அப்படி அவள் ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை.

விஜயதசமி வந்தது. அன்று சாயங்காலம் ஆரத்தி முடிந்ததும் பொம்மைகளைத் தூங்கவைப்பது எங்கள் வீட்டில் என் வேலை. ராஜாவையும் ராணியையும் படுக்கவைத்தேன். கீழே வந்து மீன்களை ஒவ்வொன்றாக ஒருக்களித்துச் சாய்த்தேன். சித்தி ஓரமாக நின்றுகொண்டிருந்தாள், கையில் முறம், எல்லாவற்றையும் அள்ளிக்கொட்ட. வாடிக் கறுத்திருந்த காலிஃப்ளவருக்கு முன்னால் என் கை நின்றுவிட்டது.

"என்னடி யோசனை? அதையும் சாய்ச்சுட்டு வா," என்றாள் அம்மா.

"அது இப்பத் தூங்காதும்மா. பகலெல்லாம் உள்ளேயே இருந்தது, பாவம். இப்பதான் அதுக்குச் சாப்பாட்டு வேளை."

அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி முறத்தைச் சுவரில் சாத்திவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டே விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை. பவளத்துக்குச் சுண்டல் எடுக்கத்தான் போயிருக்கிறாள் என்று, விளக்கை அணைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நான் காத்திருந்தேன்.