கை ஏந்தினாச் சம்மதமா?

வயல் குத்தகை பேசிக் குடுக்கிற தரகனுக்கு, பேச்சு முறிஞ்சா ஒளிக்க ஒரு இடமும் இல்ல. நம்மட தொழில்காரங்களுக்கு இத நான் செல்லத் தேவையில்ல, மத்தவங்க கேளுங்க.

ஆறின தேத்தண்ணி

கல்முனைக்குடியில ஒரு போடியார், பெரிய வயல்காரர். குத்தகைக்குக் கேட்டது இறக்காமத்து முபாறக். போன போகம் அவன்ட வேளாமைய யானை மிதிச்சித் துவைச்சிட்டு. இந்த வயலும் கிடைக்கல்லண்டா புள்ளைகள்ட சோத்துக்கே நெல் இல்ல.

போடியார்ட விறாந்தையில ரெண்டு பேரையும் இருத்தினன். முபாறக் ரெண்டு போகம் கேட்டான். போடியார் ஒண்டுக்கு மேல அசையல்ல. ஒண்டு போதும் எண்டு இவன் இறங்கி வந்தா, அவர் "யோசிப்பம்" எண்டார். தேத்தண்ணி ஆறிப்போச்சி. எனக்குச் சும்மா இரிக்கேலா; ஆக்கள்ட கொரல எடுத்துக் கதைக்கிறது என்ட பழக்கம். வாய்க்கால்ல தண்ணி திறக்கிற வட்டவிதானைட கொரல்ல ஒரு சத்தம் போட்டன். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு அடங்க முந்தி பாத்திஹா ஓதி அல்லாஹ்க்கிட்ட துஆவும் கேட்டுட்டன். பேச்சு முடிஞ்சாத்தான் ஓதுற வழக்கம். ஓதிட்டா முடிஞ்சிரும் எண்டு நான் நினைச்சன். ரெண்டு பேரும் கை ஏந்தி ஆமீனும் சென்னாங்க.

வாசல் படலைக்குக் கிட்ட முபாறக் என்ட கையப் புடிச்சி, அண்ணனக் கூப்பிடுற மாதிரிச் சென்னான்: "காக்கா, இண்டைக்குத்தான் நான் ஊட்ட போய் நிம்மதியாச் சோறு தின்னப்போறன்."

உழுத வயல்

அடுத்த கிழமையே முபாறக் மெசின இறக்கி உழுதிட்டான். போடியார் என்னை வரம்புக்குக் கூப்பிட்டார். உழுத மண்ணப் பாக்கிறார், என்னப் பாக்கிறார். "துஆக்கு நீங்களும் கை ஏந்தினீங்கதானே" எண்டன், மெல்லமா.

அவர் செருமிட்டுச் சென்னார்: "நீ துஆ ஓதினா நான் கையக் கட்டிட்டு இரிக்கிறதா? நான் ஆமீன் சென்னது அல்லாஹ்வுக்கு, முபாறக்குக்கு இல்ல."

பள்ளியில நடிச்சது

விசயம் பள்ளிவாசல்ல வழக்குப் பாக்கிற மரைக்கார்மாருக்கிட்டப் போச்சி. "நீதான் எல்லாற்ற கொரலும் கதைப்பியே, நடந்தத அப்படியே செய்து காட்டு" எண்டார் ஒரு மரைக்கார். காட்டினன். முபாறக் கெஞ்சினது, போடியார் செருமிச் செருமி இழுத்தது, ஒண்டும் பிசகல்ல. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

"சரி, இவர் சம்மதம், ஓம் எண்டது எந்த இடத்தில?" எண்டு கேட்டார் மரைக்கார்.

போடியார் செல்லவே செல்லாத ஓம், அவர்ட அந்தச் செருமலோட, என்ட தொண்டைக்குள்ள வந்து நிண்டிச்சி. முபாறக் என்ட வாயையே பாத்திட்டு இரிந்தான். நான் விழுங்கிட்டன். மிச்சம் இரிந்தது துஆதான். அத என்ட சொந்தக் கொரல்ல ஓதிக் காட்டினன். ஒருத்தரும் சிரிக்கல்ல. உழவுக் கூலிய முபாறக்குக்குக் குடுத்திட்டு வயலப் போடியாரே எடுக்கிற எண்டு முடிஞ்சிது.

வெளிய செருப்புத் தேடுற மாதிரிக் குனிஞ்சி நிண்டன். முபாறக் கிட்ட வந்தான். "என்ட பொண்டாட்டிக்கிட்ட நீங்களே வந்து செல்லுங்க காக்கா. என்ட கொரல்லயே செல்லுங்க, எனக்கு வாய் வருகுதில்ல."

போனன்; இத்தன பேர்ட கொரல் கைவசம் இரிந்தும், அவன்ட பொண்டாட்டிக்கு முன்னால என்ட ஒரு கொரலும் வெளிய வரல்ல.