கோல் மார்க்கெட்டில் மூன்று சுற்று

இன்று மாலை கோல் மார்க்கெட்டில் நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருந்தோம். கையில் ஆளுக்கொரு செல்ஃபோன்!

ஆபீஸ் முடிந்து அங்கே சந்திப்பதாகப் பேச்சு. எந்தக் கடை வாசல் என்று முடிவு செய்யவில்லை. அதற்குத்தான் ஃபோன் இருக்கிறதே!

"எங்க இருக்கீங்க?"

"ஸ்வீட் கடை முன்னால."

"அச்சா, அங்கயே நில்லுங்க. வர்றேன்."

நின்றேனா? ஒரு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. அவள் வருகிற பக்கம் இதுதான் என்று நானே கிளம்பிவிட்டேன். அவளோ மறுபக்கமாக வந்திருக்கிறாள். என்னைக் காணோம் என்றதும் அவளும் நான் போன அதே திசையில் நடந்திருக்கிறாள்.

மார்க்கெட்டோ வட்டம்!

"இப்ப எங்க?"

"மருந்துக் கடைகிட்ட."

"நானும் அங்கதான் நிக்கிறேன், உங்களக் காணோமே!"

அதற்குள் நான் அடுத்த கடைக்கு நகர்ந்திருந்தேன். இப்படியே மூன்று சுற்று. நான்காவதில் என் ஃபோன் பேட்டரி தீர்ந்தது. வேறு வழியில்லாமல் நின்றேன்.

இரண்டே நிமிடம். பின்னாலிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்!

கேட்ட முதல் கேள்வி: "ஏன் ஃபோன எடுக்கல?"

நாளைக்கே புது பேட்டரி வாங்கச் சொல்கிறாள். வாங்கலாமா? யோசித்துச் சொல்லுங்கள். இந்த வலைப்பக்கத்தை நிமிடத்துக்கு ஒரு தரம் ரிஃப்ரெஷ் செய்தபடி பொறுமையாகக் காத்திருக்கிறேன்.