இழுப்புக்கு ஊசி போடாத டொக்டர்

ஒன்றும் கொடுக்காமல் அனுப்புவதுதான் வைத்தியத்தில் ஆகக் கடினமான வேலை. அதைச் செய்து கெட்ட பெயர் வாங்கிய சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். மன்னார்க் கரையோரக் கிராமம் ஒன்றின் அரச மருந்தகத்தில் டொக்டராக இருந்தேன். சந்தியில் தகரக் கொட்டிலில் இன்னொரு டொக்டர் கிளினிக் நடத்தினார். அவர்மேல் எனக்கு நல்ல பொறாமை. மறைத்து என்ன ஆகப் போகிறது?

பாரை மீன்

கைக்குழந்தைகளுக்குத் தடிமன் சளியில் தொடங்கி மூச்சு இழுக்கும் வருத்தம் ஒன்று உண்டு, புரொங்கியோலைட்டிஸ் என்போம். வைரஸால் வருவது. ஸ்டீரொயிட் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மூன்று நான்கு நாள் கூடும், பிறகு தணியும். மோசமானால் ஒட்சிசனுக்காக மன்னார் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். தாய்மார் இரண்டாம் நாள் என்னிடம் வருவார்கள். மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, அடிக்கடி தாய்ப்பால், மூச்சை எண்ணிப் பார்க்கும் விதம்: என்னிடம் கிடைப்பது அவ்வளவுதான். ஐந்தாம் நாள் பொறுமையிழந்து சந்திக்குப் போவார்கள். அவர் ஸ்டீரொயிட் ஊசி ஒன்று போடுவார். ஆறாம் நாள் பிள்ளை சிரிக்கும்.

இந்தியாவில் அகதி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பிய ரீற்றாவின் மகனும் அப்படித்தான் சுகமானான். அவள் பெரிய பாரை மீனோடு என் வாசலால் போனாள். எனக்குத்தான் என்று எழுந்து நின்றேன்.

“இது உங்களுக்கில்லை டொக்டர், பிள்ளையைச் சுகப்படுத்தினவருக்கு.”

நான் போட்ட ஊசி

அடுத்த மாரி மழைக்கு அவளுடைய இளைய கைக்குழந்தைக்கு அதே இழுப்பு. “நீங்கள் ஊசி போடாட்டி சந்திக்குப் போறன்” என்றாள். அறிவு வேண்டாம் என்றது, வயிற்றெரிச்சல் போடு என்றது. வெட்கக்கேடு, போட்டேன். பிள்ளை தேறியது, போடாவிட்டாலும் தேறியிருக்கும். இந்த முறை மீன் நிச்சயம் என்று நினைத்தேன். ரீற்றா வெறுங்கையோடு வந்து என்னை முறைத்தாள்.

“அப்ப இந்த ஊசி உங்கட அலுமாரிக்குள்ளதான் இருந்ததோ? மூத்தவனுக்கு ஏன் ஒளிச்சு வைச்சனீங்கள்?”

பின்கதவால் வந்தவர்

ஒரு மத்தியானம், நோயாளர் போன பிறகு, சந்தி டொக்டர் பின்கதவால் வந்தார். கையில் அவருடைய ஐந்து மாத மகள். மூன்றாம் நாள் இழுப்பு, நெஞ்சு லேசாக உள்வாங்கியது. பால் குடித்தாள், நிறமும் நன்றாக இருந்தது. பின்னேரம் வரை வைத்துப் பார்த்துவிட்டு, கூடினால் மன்னாருக்கு என்று சொன்னேன். சொல்லிவிட்டு, எத்தனையோ நாள் காத்திருந்த கேள்வியைக் கேட்டேன்: “ஊசி போடேல்லையோ?” அவர் சொன்ன பதிலைக் கேட்டு, ரீற்றாவின் பிள்ளைக்கு ஊசி போட்ட என் கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டேன்.

“ஊருக்குப் போடுறது வேற, இது என்ர பிள்ளை. ஆர் கேட்டாலும் போடாத ஆள் நீங்கள் ஒராள்தான் எண்டு வந்தனான்.”

குழந்தை ஊசியில்லாமல் தானாகவே சுகமாகியது. கைராசிக்காரன் என்று ஊர் மெச்சியதோ பின்கதவால் வந்துபோன தகப்பனைத்தான்.