கறை எடுப்பவரின் வாணவேடிக்கை

சலவைக்கடையில் கறை எடுப்பதுதான் அவர் வேலை. காபியோ கிரீஸோ, எந்தக் கறையும் அவரிடம் வாலாட்டாது. வீட்டில்தான் அவர் பாச்சா பலிக்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருடம் ஓடியும், மனைவியின் மகள் அவரை ஒரு தடவைகூட அப்பா என்று கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க", "இந்தாங்க", அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூட அவள் ஒரு பேர் வைத்திருந்தாள். அந்தப் பூனைமேல் அவருக்கு லேசாகப் பொறாமைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி வெளியே கிளம்பியபோது, "பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா போ" என்று மார்தட்டினார். மகளும் அவள் தோழிகள் இரண்டு பேரும் வாணவேடிக்கை வரைய உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புத் தாள் இல்லை. மனிதர் பழைய கறுப்புத் தலையணை உறையை எடுத்துவந்து விரித்தார். டிஷ்யூ சுருளின் அட்டைக் குழாயை நுனியில் கீறி விரித்து, வண்ணத்தில் முக்கி ஒற்றிக் காட்டினார். வானத்தில் வெடித்துச் சிதறியது போலவே இருந்தது. முள்கரண்டியால் இழுத்தால் தீப்பொறி. பாத்திரம் தேய்க்கும் பிரஷ்ஷைத் தட்டினால் நட்சத்திரம்.

"இத என் ரூம்ல மாட்டப் போறேன்" என்றாள் மகள். அவரைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

பிள்ளைகளைச் சாப்பிட உட்காரவைத்துவிட்டுத் தரையைத் துடைக்க வந்தார். கறை படிந்த துணி ஒன்று கண்ணில் பட்டது. கை சும்மா இருக்குமா? வாளியில் முக்கி, நாலு கசக்கு, ஒரு அலசு. கொடியில் போட்டு உதறும்போதுதான் உறைத்தது. ஒரு பொட்டு வண்ணம் மிச்சமில்லை. பாவி மனுஷன், வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார். பெரிய நிபுணர் அல்லவா!

மகள் வந்து கொடியைப் பார்த்தாள். "துவைச்சிட்டீங்களா?"

"கைப்பழக்கம்மா" என்று அசடு வழிந்தார்.

அவள் அழவில்லை. அழுதிருந்தாலும் தேவலை. திரும்பி நடந்தாள்.

உறையோ சொட்டச் சொட்ட ஈரம். வேறு கறுப்புத் துணியும் இல்லை. மறுநாளைக்கென்று இஸ்திரி போட்டு மாட்டியிருந்த அவருடைய கடைச் சீருடைச் சட்டைதான் இருந்தது, நல்ல கருநீலம். அதைப் போட்டுக்கொண்டு வந்து, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார்.

"இதுல போடுங்க."

"நிஜமாவா அங்கிள்?" தோழி ஒருத்தி அட்டைக் குழாயோடு பாய்ந்தாள்.

"ஏய், தள்ளு" என்றாள் மகள். "அது எங்கப்பா முதுகு. நான்தான் முதல்ல."

அவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சந்தோஷத்தில் அழுகை வந்து மூக்கு ஒழுகியது. துடைத்தால் முதுகு அசைந்துவிடுமே என்று துடைக்கவில்லை.

மறுநாள் கடையில் முதலாளி அவர் முதுகைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். "என்னய்யா இது, கறை எடுக்கிறவன் முதுகுலயே இவ்ளோ கறையா? கழட்டி அலசு."

"அலசிப் பாத்துட்டேன் முதலாளி. போகல."

"பிள்ளைங்க வாட்டர் கலர்தானேய்யா? தண்ணி பட்டாலே போயிடுமே."

"இது போகாது முதலாளி" என்று சொல்லிவிட்டு, வெளியே மழை வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.