கெளுத்திக்குப் பத்தியம்

பள்ளிக்கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் நான் வளர்க்கும் கெளுத்தி மீன் நேற்றுக் கொஞ்சம் சோர்ந்திருந்தது. அதைக் கூட வேலை பார்க்கும் டிராயிங் வாத்தியாரிடம் மட்டும்தான் சொன்னேன்.

இன்று காலைக்குள் பாளையங்கோட்டையில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டார்கள். நம் ஊரில் நோயாளியைப் பார்க்க யார் வெறுங்கையோடு வருவார்கள்? ஆளுக்கொரு பிடி பொரி. ஒருவர் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, கண்ணை மூடி ஜெபமும் செய்துவிட்டுப் போனார்.

மத்தியானம் பார்த்தால் தண்ணீர் கஞ்சியாகக் கலங்கிக் கிடக்கிறது. கெளுத்தி வயிறு ஊதி, மீசை தொங்கி, அடியில் சாய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அண்ணாச்சியைக் கையோடு கூட்டிவந்தேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"யாரு வே இதுக்கு இவ்வளவு தீனி போட்டது? தின்னது செரிக்கல, மிச்சம் தண்ணியில அழுகுது. பாதித் தண்ணிய மாத்தி, ஒரு சிட்டிகை உப்புப் போடும். மூணு நாளைக்கு ஒண்ணும் கொடுக்காதேயும்."

படித்தவர் படித்தவர்தான் என்று மெச்சிக்கொண்டே உப்பு எடுக்கப் போனேன். திரும்பி வந்தால், அண்ணாச்சி மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துத் தொட்டிக்குள் பொரி தூவிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணாச்சி, பத்தியம்னு இப்பதான சொன்னீய?"

"அது நாளையில இருந்து வே. சீக்காளிய பாக்க வந்துட்டு சும்மா போனா நல்லாவா இருக்கும்?"

வைத்தியம் தெரிந்த நண்பர்கள் தபால் கார்டில் எழுதிப் போடுங்கள். நேரில்தான் வருவேன் என்பவர்கள், தயவுசெய்து வெறுங்கையோடு வாருங்கள்.